கொட்டகையில் ஒரு ராஜா

"என் போர்ல யாருக்குமே பயம் வரல, மேடம்."

இன்னாசி வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை அது.

மேஜர் வேதவல்லி அவனுக்குத் தேநீர் ஊற்றினார்.

கோத்தகிரிக்கு மேலே, ஒரு தேயிலைச் சரிவின் உச்சியில் அவருடைய வீடு. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். ஒரு படை சொல்வது இன்னொரு படைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதே அவர் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றபின் வீட்டு முன்னறையில் பெரிய மேசை போட்டு, வரைபடம் விரித்து, மரக்கட்டைகளைப் படைகளாக வைத்து, வருகிறவர்களைப் போர் நடத்தச் சொல்வார். ராணுவ அதிகாரிகள் வருவார்கள். சரித்திரம் படிப்பவர்கள் வருவார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற ஒருவன் வந்தது அதுவே முதல் தடவை.

இன்னாசிக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு சிறு குழு வைத்திருந்தான். வருஷக்கணக்காக அவர்கள் உருவாக்கிவந்த விளையாட்டின் பெயர் 'ஏழு பாளையம்'. விளையாடுகிறவர் பழைய காலத்துப் பாளையம் ஒன்றுக்கு ராஜா. குளம் வெட்டலாம், வரி போடலாம், பக்கத்துப் பாளையத்தோடு சம்பந்தம் செய்துகொள்ளலாம். ஆடிப் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அதெல்லாம் பிடித்திருந்தது.

போர்தான் பிடிக்கவில்லை.

போர் தொடங்கியதும் அவர்கள் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். எது பெரியதோ அது ஜெயிக்கும் என்று தெரிந்துவிடும். பொத்தானை அழுத்திவிட்டு போனை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

இன்னாசி சும்மா இருக்கவில்லை. மேட்டில் நிற்கும் படைக்குப் பலம் கூட்டினான். மழையில் வெடிமருந்து நனைந்துபோகும்படி செய்தான். குதிரைப்படை சேற்றில் இறங்கினால் வேகம் குறைய வைத்தான். ஆடியவர்கள் அதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு மறுபடி போனை எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அவன் வேதவல்லியிடம் சொல்லி முடித்தான்.

அவனோடு லோகநாயகியும் வந்திருந்தாள். விளையாட்டில் வரும் சிப்பாய்களைச் செய்தவள் அவள். அவர்கள் நடப்பது, வேல் ஓங்குவது, விழுவது எல்லாம் அவள் கைவேலை. மலை ஏறும்போதுதான் காரில் இன்னாசியிடம் சொல்லியிருந்தாள், இது முடிந்ததும் தான் வேறு வேலைக்குப் போகப்போவதாக. ஏன் என்று கேட்டான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"நான் செய்யற ஆளுங்க சாகறதை யாரும் பாக்கறதில்ல சார்."



வேதவல்லி விளையாட்டைக் காட்டச் சொன்னார். இன்னாசி மடிக்கணினியைத் திறந்து ஒரு போரை ஆடிக் காட்டினான். கீழே, வெகு ஆழத்தில், பொட்டல்வெளி. எறும்புச்சாரி போல இரண்டு படைகள். எதிரி குதிரைகள் பனங்காட்டுக்குப் பின்னால் பதுங்கி வருவதும் தெரிந்தது. அவன் வேல்காரர்களை அந்தப் பக்கம் திருப்பினான். நினைத்த நொடியில் அவர்கள் திரும்பினார்கள். கடைசி எதிரி விழும்வரை சண்டை நடந்தது.

"இதுல நீங்க யாரு?" என்று கேட்டார் வேதவல்லி.

"ராஜா, மேடம்."

"எங்க நிக்கறீங்க?"

இன்னாசி திரையில் கொடி பறந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

அவர் தலையை ஆட்டினார். "கொடி எங்கன்னு கேக்கல. நீங்க எங்க நிக்கறீங்க?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேதவல்லி எழுந்துபோய் வாசலில் இருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

மலை இறங்குகையில் இன்னாசி வண்டியை ஓரம் கட்டினான்.

"ரொம்ப உயரத்துலேருந்து பாக்கறோம் லோகா. அதான் சொல்றாங்க. கீழ இறங்கணும்."

மழைக்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. ஆடுகிறவர் இப்போது ராஜாவின் குதிரைமேல் இருந்து பார்ப்பார். பிடரிமயிர் காற்றில் பறந்தது. தூசி எழுந்து கண்ணை மறைத்தது. லோகநாயகி ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனி முகம் செய்தாள்.

ஆடிப் பார்த்தவர்கள் ரொம்ப அழகாக இருக்கிறது என்றார்கள். கொஞ்ச நேரம் அழகை ரசித்தார்கள்.

பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள், பழையபடி மேலே போய்ப் பார்க்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று.

இரண்டாம் முறை மலையேறியபோது இன்னாசியின் குரல் தளர்ந்திருந்தது.

"கீழ இறங்கிட்டேன் மேடம். அப்பவும் பயம் வரல."

"யாருக்கு?"

"ஆடறவங்களுக்கு."

"உங்களுக்கு?"

எனக்கு எப்படி வரும் என்றான் அவன். எல்லாம் தான் எழுதியது. உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது, எந்தப் படை எப்போது விழும் என்று தனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள்?

"காலையில வாங்க. ரெண்டு பேரும்" என்றார் வேதவல்லி.

மறுநாள் அவர்கள் வந்தபோது முன்னறை மேசையில் ஒரு வரைபடம் இருந்தது. ஏரி, ஏரிக்கரை, பனங்காடு, நடுவே பொட்டல். இன்னாசியின் விளையாட்டில் இருந்த அதே நிலம். சரிவுக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால், உரமூட்டையும் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்திகளும் போட்டுவைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கேயும் ஒரு முக்காலிமேல் அதே வரைபடம். அங்கிருந்து வீடு தெரியாது. வீட்டிலிருந்து கொட்டகை தெரியாது.

போர் நடப்பது வீட்டு மேசையில். எதிரிப் படையை வேதவல்லி நடத்துவார். என்ன நடந்தது என்று முடிவு சொல்வதும் அவரே. இன்னாசி கொட்டகையில் இருக்க வேண்டும். அவன்தான் ராஜா. லோகநாயகி நடுவில் நடந்துபோய் வர வேண்டும். தான் கிளம்பும்போது கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் அவள் சொல்லலாம். ஊகித்துச் சொல்லக் கூடாது.

இன்னாசிக்குத்தான் பெரிய படை. எதிரியைப்போல ஒன்றரை மடங்கு. அதைப் பார்த்துவிட்டு இது சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

"இடப்பக்கப் படைக்கு யாரு தலைமை?" என்று கேட்டார் வேதவல்லி.

"ஒரு கட்டைதானே மேடம்."

"பேர் வையுங்க."

வாயில் வந்ததைச் சொன்னான். "பிச்சைமணி."

"வலப்பக்கம்?"

"வீரபுத்திரன்."

"சரி. போங்க."

கொட்டகைக்கு இறங்கும் வழியில், பிச்சைமணி யார் என்று லோகநாயகி கேட்டாள். யாருமில்லை, சும்மா ஒரு பெயர் என்றான்.

அவன் முக்காலிமேல் கட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். லோகநாயகி மேலே போனாள். வெகு நேரம் கழித்து இறங்கி வந்தாள்.

எதிரிகள் பொட்டலில் நிற்பதாகச் சொன்னாள். கொஞ்சம் பேர்தான். பனங்காட்டுக்குப் பின்னால் தூசி தெரிகிறது.

"யாரோட தூசி?"

"தெரியல சார்."

"மேடத்தைக் கேட்டியா?"

"கேட்டேன். தூசின்னு மட்டும்தான் சொன்னாங்க."

பிச்சைமணி ஏரிக்கரையிலேயே நிற்கட்டும், வீரபுத்திரன் நேராகப் பொட்டலில் இறங்கட்டும் என்று சொல்லி அனுப்பினான். தன் முன்னால் இருந்த கட்டைகளையும் அப்படியே நகர்த்தி வைத்தான். பார்க்கத் திருத்தமாக இருந்தது.

அவள் திரும்பி வந்து, பிச்சைமணி கரையில் இல்லை என்றாள்.

"நான் நிக்கச் சொன்னேனே?"

"அது போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே இறங்கிட்டார் சார். ஆளுங்களுக்குத் தாகம். விடிஞ்சதுலேருந்து வெயில்ல நிக்கறாங்க. ஏரியில தண்ணி குடிக்கப் போயிருக்காங்க."

இன்னாசியின் விளையாட்டில் யாருக்கும் தாகம் எடுத்ததில்லை. திருத்தமாக வைத்த கட்டையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். உடனே கரைக்குத் திரும்பச் சொல் என்றான்.

அடுத்த செய்தி நல்ல செய்தி. வீரபுத்திரன் அடித்த அடியில் எதிரி பின்வாங்குகிறான்.

அதற்கடுத்த செய்தி, வீரபுத்திரனின் ஆட்கள் ஓடுகிறார்கள் என்பது.

"ஏன்? ஜெயிச்சிட்டுதானே இருந்தாங்க?"

ஜெயித்ததால்தான் துரத்திப் போயிருக்கிறார்கள். வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது தூசியில் ராஜாவின் கொடி கண்ணில் படவில்லை. ராஜா விழுந்துவிட்டார் என்று எவனோ கத்தியிருக்கிறான். முதலில் சிலர் திரும்பினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும்.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றான் இன்னாசி.

"அது அவங்களுக்குத் தெரியாது சார்."

அவன் எழுந்தான். மேலே போய் மேசையை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று தோன்றியது. லோகநாயகி வழியில் நின்றாள். ராஜா நிற்கும் இடத்தை விட்டுப் போகலாம், அதற்குத் தடையில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறார். ஆனால் போகிற இடத்தில் கண்ணுக்கு எட்டுவது மட்டும்தான் தெரியும். வழியில் செய்தி எதுவும் ராஜாவைத் தேடி வராது.

இன்னாசி யோசித்தான். பிறகு, ராஜா கொடியோடு வலப்பக்கம் போகிறார், ஓடுகிறவர்கள் கண்ணில் படும்படி போகிறார் என்று சொல்லி அனுப்பினான்.

அவள் போனாள்.

அதன்பிறகு யாரும் வரவில்லை.

தூரத்தில் இலை பறிக்கும் பெண்களின் பேச்சு கேட்டது. கவாத்து இயந்திரம் ஒன்று ஓடி நின்றது. கொட்டகைத் தகரத்தில் வெயில் ஏறியது.

இன்னாசி வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தான். ஏரிக்குப் பக்கத்தில் பனங்காடு. பனங்காட்டுக்குப் பின்னால்தானே தூசி என்று சொன்னாள்.

அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வேல்களைக் கரையில் போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். பிச்சைமணியும் குடித்துக்கொண்டிருப்பான். இல்லை, ஆட்கள் குடித்து முடிக்கட்டும் என்று கரையில் நின்றுகொண்டிருப்பான். எப்படிப்பட்ட ஆள் அவன்? வயது என்ன இருக்கும்? கரைக்குத் திரும்பச் சொல்லி அனுப்பினோமே, அது போய்ச் சேர்ந்ததா?

கொட்டகை வாசலுக்குப் போய் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்துபோய்ப் பார்த்தான்.

லோகநாயகி வந்தபோது அவள் முகத்திலும் வியர்வை. வலப்பக்கம் கொடியைப் பார்த்துவிட்டார்கள் என்றாள். ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள். நிறையப் பேர் கொடியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எதிரியின் நடுப்படை இப்போது மெலிந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் அடித்தால் போரே முடிந்துவிடும்போல் இருக்கிறது.

"பிச்சைமணி?"

"செய்தி இல்ல சார்."

"இல்லன்னா?"

"ஒண்ணுமே வரல. நானும் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்."

இன்னாசி வரைபடத்தில் பொட்டலைப் பார்த்தான். ஏரியைப் பார்த்தான்.

"எல்லாரையும் ஏரிக்குப் போகச் சொல்லு."

"நடுப்படை சார்?"

"விடு. ஏரிக்குப் போகச் சொல்லு."

அதுவரை நடந்தே போய்வந்துகொண்டிருந்த லோகநாயகி அந்தத் தடவை ஓடினாள். சரிவில் வழுக்கி, கையை ஊன்றி எழுந்து, மறுபடி ஓடினாள்.

கொஞ்ச நேரம்தான் அவனால் பொறுக்க முடிந்தது. பிறகு அவனும் அவள் பின்னால் ஏறினான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. முன்னறை மேசை வெறுமையாக இருந்தது. வரைபடம் சுருட்டப்பட்டிருந்தது. வேதவல்லி கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். லோகநாயகி சுவரோரமாக நின்றாள்.

"பிச்சைமணி என்ன ஆனார் மேடம்?"

வேதவல்லி நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"கை நடுங்குது பாருங்க. உக்காருங்க. தேநீர் போடறேன்."

இன்னாசி தன் கையைப் பார்த்தான்.

பிச்சைமணி என்ன ஆனான் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

கோயம்புத்தூர் திரும்பியதும் இன்னாசி முதலில் திரையிலிருந்து எண்ணிக்கைகளை எடுத்தான். மேலே போகும் பொத்தானை எடுத்தான். ராஜா நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டுவதுதான் இனித் தெரியும். மற்றதெல்லாம் குதிரைமேல் வரும் ஆள் சொன்னால் உண்டு. அவன் வர நேரமாகும். வராமலும் போவான். ராஜா சொல்வதும் அப்படித்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு படைத்தலைவனுக்கும் பெயர் உண்டு. ஆட்களுக்குத் தாகம் எடுக்கும். வதந்தியை நம்புவார்கள்.

குழுவில் பெரிய சண்டை வந்தது. ஆடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் எப்படி ஆடுவான், விளையாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவான், இத்தனை வருஷ உழைப்பும் வீணாகும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னாசியே ஒருகட்டத்தில், எண்ணிக்கையை மட்டுமாவது திரும்ப வைத்துவிடலாமா என்று யோசித்தான்.

வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் லோகநாயகி. அவளுக்குச் செய்ய நிறைய இருந்தது. அதுவரை அவளுடைய சிப்பாய்களுக்கு நிற்கவும் அடிக்கவும் விழவும்தான் தெரியும். இப்போது அவர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தாள். ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். ஓடுகிற ஒருவன் நின்று, விழுந்துகிடக்கும் இன்னொருவனைத் தூக்கிவிடக் கற்றுக்கொடுத்தாள். வேறு வேலைக்குப் போவதைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. இன்னாசியும் கேட்கவில்லை.

எல்லாம் ஒருவழியாக ஓடத் தொடங்கிய அன்று மத்தியானம், முதலில் ஆட உட்கார்ந்ததும் அவள்தான். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் நின்றார்கள்.

ஆற்றங்கரையில் போர். அவளுடைய படைத்தலைவன் ஒருவனுக்கு இருளப்பன் என்று பெயர். ஆற்றைக் கடந்து அக்கரையைப் பிடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். போனவன் போனவன்தான். அக்கரையில் புகை மட்டும் தெரிந்தது.

அவள் ஒரு குதிரைக்காரனை அனுப்பினாள். அவன் திரும்பவில்லை. இன்னொருவனை அனுப்பினாள்.

அந்தச் சிப்பாய்களின் ஒவ்வொரு அசைவையும் செய்தவள் அவளே. அந்தப் புகையையும் அவளேதான் செய்திருந்தாள். ஆனாலும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தரும் போனைத் தொடவில்லை.

இன்னாசியின் கணினியில் எல்லாமே தெரியும். பிழை கண்டுபிடிப்பதற்காக அவன் ஒருவனுக்கு மட்டும் போர்க்களம் முழுவதும் திறந்திருந்தது.

"சார், அவன் உயிரோட இருக்கானா? உங்களுக்குத் தெரியுமில்ல. சொல்லுங்க."

இன்னாசி திரும்பித் தன் திரையைப் பார்க்கப் போனான். பாதியில் நின்று, கையை நீட்டி அதை அணைத்தான். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

காத்திருந்தார்கள்.

வெகு நேரத்துக்குப் பிறகு தண்ணீரில் ஒரு குதிரை தெரிந்தது. மெல்ல நீந்திக் கரையேறியது. மேலே இருந்தவன் நனைந்து போயிருந்தான். இருளப்பன் இருக்கிறார் என்றான். அக்கரைச் சத்திரத்துக்குள் கொஞ்சம் பேரோடு தாக்குப்பிடித்து நிற்கிறார், ராஜா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டுவரச் சொன்னார்.

லோகநாயகி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ ஒருவர் சிரித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலையேறிப் போய் நடந்ததைச் சொன்னார்கள். புகை எழுந்தது, குதிரைக்காரன் திரும்பாதது, சத்திரம், நனைந்து வந்தவன் கேட்ட கேள்வி, ஒன்றையும் விடவில்லை. ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துச் சொன்னார்.

வேதவல்லி தேநீரை ஆற்றியபடியே கடைசிவரை கேட்டார். பிறகு இரண்டு தம்ளரையும் அவர்கள் முன்னால் வைத்தார்.

"யாரு ஜெயிச்சது?"

இன்னாசி சொல்ல வாயைத் திறந்தான். லோகநாயகியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"பாக்கல மேடம்" என்றாள்.